எல்லாரும் இழுக்கிறாங்க

உக்காருங்க சார், உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஆடும். இதுல வாங்க. உங்களுக்கு எந்த முட்டி? ரெண்டுமா? ஐயோ பாவம். எனக்கு வலது மட்டுந்தான். ஆனா வலதுதான் சார் என் பொழப்பே, பெரிய டிரம்மை மிதிக்கிற காலு அது.

ஆமா, டிரம்ஸ் வாசிக்கிறேன். சவரிமுத்துன்னா ஒருத்தருக்கும் தெரியாது. ‘டிரம்ஸ் சவரி’ன்னு திருச்சில எந்தக் கல்யாண மண்டபத்துல கேட்டாலும் சொல்வாங்க. தேன்சாரல் ஆர்கெஸ்ட்ரா. உங்க சொந்தக்காரங்க ரிசப்ஷன் ஒண்ணுலயாவது நான் வாசிச்சிருப்பேன், நீங்கதான் மேடைப் பக்கம் திரும்பியிருக்க மாட்டீங்க. தப்பா சொல்லல, யாருமே திரும்ப மாட்டாங்க. கவர்ல பேரெழுதப் பேனா கேட்டுக்கிட்டிருப்பாங்க, இல்லன்னா பந்தியில எடம் இருக்கான்னு எட்டிப் பாத்துக்கிட்டிருப்பாங்க. பாட்டு நின்னுச்சுன்னாத்தான் திரும்புவாங்க, கரண்டு போயிருச்சான்னு.

அசதியா இருக்கு சார். முட்டி வலி கெடக்கட்டும் ஒரு பக்கம், அதுக்கு ஒத்தடம் குடுத்தா சரியாயிரும். இது மனுஷங்களால வர்ற அசதி. எல்லாரும் இழுக்கிறாங்க. புரியலயா? எங்க தொழில்ல ரெண்டே வியாதிதான். தாளம் பாட்டை விட்டுட்டு முந்திக்கிட்டுப் போனா ‘ஓடுது’ம்போம். பின்தங்கிட்டா ‘இழுக்குது’ம்போம். ஓடுறது புதுசா குச்சி பிடிக்கிறவனுக்கு வர்றது, கை துறுதுறுங்கும். இழுக்கிறது உடம்பு தளந்தவங்களுக்கு வர்றது. எங்க குழுவுல இப்ப எல்லாருக்கும் ரெண்டாவது வந்திருச்சு. கீபோர்டு இழுக்குது, பேஸ் கிட்டார் இழுக்குது, பாடுறவங்க இழுக்கிறாங்க. நான் ஒருத்தன் எத்தனை பேரைத் தள்ளிக்கிட்டுப் போறது, சொல்லுங்க.

உள்ள கேளுங்க, டாக்டர் அந்த அம்மாவைக் காலைத் தூக்கு, இறக்குங்கிறார். எவ்வளவு நேரம் கழிச்சு இறக்குறாங்க பாருங்க. இதுவும் இழுவைதான். சரி, வலிக்குது பாவம்.

என் முட்டி போனது ஓடி ஓடித்தான் சார், தினம் காலைல ஓடுற ஆளு நான். இந்த வயசுல ஓட்டம் எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்களா? சுகர்தான் கொண்டுவந்து விட்டுச்சு. கல்யாண வீட்ல வாசிக்கிறவனுக்கு சுகர் வராம யாருக்கு வரும்? எங்களுக்கு எப்பவும் கடைசிப் பந்தி. பூரி தீந்திருக்கும், வடை தீந்திருக்கும், ஜாங்கிரி மட்டும் மலை மாதிரி மிச்சம் கெடக்கும். பசிக்கு அதைத்தான் தின்னுட்டு வண்டி ஏறுவோம். சுகர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, “நடங்க சவரிமுத்து”ன்னார். நடந்து பாத்தேன். நமக்கு நடை ஒத்து வரல. ஸ்டேடியத்துல பக்கத்துல நடக்கிற ஆளுங்க எல்லாம் மருமக கதை பேசிக்கிட்டே நடக்கிறாங்க. ஒரு நாள் ஓடிப் பாப்போம்னு ஓடினேன். செத்தேன்னு நெனச்சேன். மறுநாளும் போனேன். அப்புறம் அது பிடிச்சுக்கிச்சு சார், விடல. சுகர் இறங்குச்சு, தொப்பை போச்சு, மாரத்தான்ல குடுத்த பனியனை மாட்டிக்கிட்டுத்தான் கடைக்கே போவேன். தெருவுல ‘ஓட்டக்கார சவரி’ன்னு பேரே வந்திருச்சு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. காதுல பாட்டு இல்லாம என்னால ஓட முடியாது. ஆனா பாட்டு நம்ம காலுக்கு ஈடு குடுக்கணுமே! நம்ம பாட்டெல்லாம் உக்காந்து கேக்குறதுக்குப் போட்டது. போன்ல ஒரு வசதி இருக்கு, நீங்க பாத்திருக்கீங்களா? சுருதி மாறாம வேகத்தை மட்டும் ஏத்திக்கலாம். ஏத்தினேன். ஆகா, அப்பத்தான் சார் பாட்டுக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. எங்க மேடைப் பாட்டு எல்லாத்தையும் அதுல போட்டு, தினம் காலைல அந்த வேகத்துலயே ஓடுவேன். பயிற்சிக்குப் பயிற்சியும் ஆச்சு, உடம்புக்கு உடம்பும் ஆச்சு. புத்திசாலித்தனம்னு நான் சொல்லிக்கக்கூடாது, நீங்க சொல்லுங்க.

அதுக்கப்புறம்தான் உலகமே இழுக்குறது தெரிய ஆரம்பிச்சுது. கோயில்ல பாடகர் குழு அல்லேலூயாவை ஆரம்பிச்சா, முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துருது. டீக்கடைக்காரர் டீயை ஆத்துறார், ஆத்துறார், ஆத்திக்கிட்டே இருக்கார். பழைய பாட்டு ரேடியோல வந்தா, ‘இவ்வளவு மெதுவாவா இருந்துச்சு இது’ன்னு ஆச்சரியமா இருக்கு. அப்ப உள்ளவங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி.

தனபால்னு எங்க குழுத் தலைவர். என்னைவிட ரொம்பச் சின்னவன், கீபோர்டு வாசிப்பான், தங்கமான பய. ஒரு நாள் அவன் என் காதுல மாட்டிக்கன்னு ஒரு மெஷின் வாங்கிட்டு வந்தான். டிக், டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், அதைக் கேட்டு வாசிக்கணும். பெரிய பெரிய கச்சேரில எல்லாம் அப்படித்தானாம். மாட்டினேன். ஒரு பாட்டு வாசிச்சேன். கழட்டிக் குடுத்துட்டேன். “தம்பி, இதுல பேட்டரி தீந்துருச்சு போல, மெதுவா அடிக்குது, மாத்திக் கொண்டா”ன்னேன். அவன் வாங்கிப் பையில வச்சுக்கிட்டான். அப்புறம் அதைக் கொண்டுவரவே இல்ல. கடைக்காரன் மாத்தித் தர மாட்டேன்னுட்டான் போல.

இன்னொரு நாள், தில்லைநகர்ல ஒரு ரிசப்ஷன். பொண்ணும் மாப்ளையும் டான்ஸ் ஆடப் பழகியிருந்தாங்க. இப்ப அதுதானே பேஷன். ரெக்கார்டு போட்டு வீட்ல பழகிட்டு, மேடையில நம்மளை வாசிக்கச் சொல்லிட்டாங்க. பாதிப் பாட்டுல மாப்ள தடுமாறுறான். பொண்ணோட பாவாடையை மிதிச்சுட்டான். அந்தப் பொண்ணு குப்புற விழப் போயி வீடியோக்காரர் பிடிச்சாரு. தனபால் என்னைப் பாத்து உள்ளங்கையைக் கவுத்து, இப்படி, அமுக்குற மாதிரி காட்டினான். சத்தத்தைக் குறைங்கிறான்னு புரிஞ்சுது. குறைச்சேன். பூ மாதிரி வாசிச்சேன். மறுபடி காட்டுறான். இன்னும் குறைச்சேன். மறுபடியும்! இதுக்கு மேல குறைச்சா நான் வீட்டுக்குத்தான் போகணும். பழகாம மேடை ஏறிட்டு டிரம்ஸ்காரன் மேல குத்தம் சொன்னா எப்படி? ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்.

ஒரு நல்லதும் நடந்துச்சு, அதையும் சொல்லணும்ல. இப்பல்லாம் எங்க நிகழ்ச்சி சீக்கிரம் முடிஞ்சிருது. அதே பாட்டுங்கதான், அதே எண்ணிக்கைதான். ஆனா பந்திக்குப் போனா பூரி சூடா இருக்கு. சமையல்காரர் கேக்குறாரு, “என்ன சவரிண்ணே, பாதில நிறுத்திட்டீங்களா?”ன்னு. எல்லாம் ஓட்டத்தால வந்த சுறுசுறுப்புன்னேன்.

தனபாலே ஒத்துக்கிட்டான். வேனுக்குப் பின்னாடி நின்னு போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தான், நான் டிரம்ஸ் ஏத்த வந்தேன், காதுல விழுந்துச்சு. “சவரிண்ணன் இப்ப ரொம்ப ஓடுறாருப்பா. பிடிக்கவே முடியல”ன்னான். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்த வயசுல நம்மளைப் பத்தி இப்படி ஒருத்தன் பெருமையா பேசினா! தோள்ல தட்டி, “நீயும் வாடா கிரவுண்டுக்கு”ன்னேன். திருதிருன்னு முழிச்சான். ஆனா மறுநாள் வந்துட்டான் சார், செருப்புக் காலோட. பின்னாடியே மூச்சிரைக்க ஓடி வர்றான். “அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே, ஒரு விஷயம் பேசணும்.” “ஓடும்போது பேசக்கூடாது தம்பி, மூச்சு வாங்கும்”னேன். அரை ரவுண்டு வந்திருப்பான், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். நான் கையை ஆட்டிட்டு ஓடிட்டேன். அந்த வயசுக்கு ஒரு தெம்பு வேணாமா?

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனிமே சொல்றது அப்படி இல்ல.

என் சம்சாரம் பிலோமினா. அவளும் எங்க குழுதான், பாடகி. மேடையிலதான் பாத்தோம், மேடையிலதான் பேசி முடிச்சோம். பொண்ணு மாப்ள மாலை மாத்தி நிக்கும்போது மெலடி ஒண்ணு பாடுவா பாருங்க, அப்ப மட்டும் ரெண்டு மூணு பேர் மேடைப் பக்கம் திரும்புவாங்க. நான் டிரம்ஸுக்குப் பின்னாடி இருந்து அந்த ரெண்டு மூணு பேரைப் பாத்துக்கிட்டே வாசிப்பேன். அதுல எனக்கு ஒரு கர்வம்.

அவளுக்கும் இழுக்க ஆரம்பிச்சிருச்சு சார். வரி முடிய மாட்டேங்குது. கடைசி வார்த்தையை முழுங்குறா. சில எடத்துல பாதி வரியை விட்டுட்டு அடுத்த வரிக்குத் தாவுறா. முகமெல்லாம் வேர்த்து, கழுத்து நரம்பு புடைச்சு, பாக்கவே கஷ்டமா இருக்கும். பாட்டு முடிஞ்சதும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டே மூச்சு வாங்குவா. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பி முறைக்க மாட்டா, அது அவ குணம். வீட்டுக்கு வந்து, “உனக்கு மூச்சு பத்தல பிலோமி. காலைல என்கூட ஓட வா”ன்னேன்.

“வீட்ல ஒருத்தர் ஓடினா போதும். அதுக்கே எனக்கு மேல்மூச்சு வாங்குது”ன்னா. நல்லா வாய் அவளுக்கு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திட்டா.

தஞ்சாவூர் நிகழ்ச்சில அவ ஒரு சரணத்தையே முழுங்கிட்டா. பொண்ணோட அப்பா வந்து தனபால்கிட்ட சத்தம் போட்டாரு. அவர் ஆசையா கேட்ட பாட்டாம். அதுக்கு அடுத்த நாள் தனபால் எங்க வீட்டுக்கு வந்தான். வந்தவன் நேரா விஷயத்துக்கு வரல. காப்பியைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தான். எனக்கு அவனைப் பாக்கப் பாவமா இருந்துச்சு.

“அண்ணே, தப்பா எடுத்துக்கக்கூடாது. கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுத்தா என்ன?”ன்னான்.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. என் பொண்டாட்டியை வச்சுக்கிட்டே அவளைப் பத்தி எப்படி சொல்லுவான், அதான் பொத்தாம்பொதுவா சொல்றான். நானே அவனுக்குக் கை குடுத்தேன். “புரியுது தம்பி. நானே சொல்லணும்னு இருந்தேன். அவளுக்கு முடியல. வேற பொண்ணைப் பாரு”ன்னேன். கட்டின பொண்டாட்டியைப் பத்தி அப்படிச் சொல்றது லேசா? ஆனா தொழில்னு வந்துட்டா பாரபட்சம் கூடாது.

தனபால் அதிர்ந்து போயிட்டான். “அண்ணே, நான் அக்காவைச் சொல்லல...”ன்னு வாயைத் திறந்தான். அதுக்குள்ள பிலோமி குறுக்க வந்துட்டா. “ஆமா தனபால். எனக்குத்தான் முடியல. நான் நின்னுக்கிறேன். அண்ணன் வரட்டும்”னா. அவன் அவளைப் பாக்குறான், அவ அவனைப் பாக்குறா. அவன் கண்ணு கலங்கிருச்சு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, “அக்கா, இது வேணாங்க்கா”ன்னான். “போப்பா, காப்பி ஆறிருச்சு, குடிக்காமலே போற”ன்னு அனுப்பி வச்சா. பாசக்காரப் பய.

அன்னிக்கு அவகிட்ட, “வருத்தமா பிலோமி?”ன்னு கேட்டேன். “நீங்க வாசிக்காம இருந்தா செத்துருவீங்க. நான் வீட்லயும் பாடிக்குவேன்”னா. எவ்வளவு பெருந்தன்மை பாருங்க.

அவ எடத்துக்குத் தர்ஷிகான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. காலேஜ் முடிச்ச பொண்ணு, டிவி போட்டியில எல்லாம் பாடினதாம். நல்ல மூச்சு. எனக்கு நிம்மதி, இனிமே தள்ளிக்கிட்டுப் போக வேணாம்னு. போன ஞாயித்துக்கிழமை முதல் நிகழ்ச்சி. பிலோமி பாடுற அதே மெலடியைத்தான் அதுவும் பாடுச்சு. பல்லவி தாண்டல சார். பாதி வரியில டக்குனு நிறுத்திட்டு, திரும்பி, மைக்கை வாய்க்கிட்ட வச்சுக்கிட்டே, “அங்கிள், ஓடாதீங்க அங்கிள்! என்னால பாட முடியல”ன்னுச்சு.

மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு. பாட்டு நின்னதால மொத்த ஜனமும் திரும்பிப் பாக்குது. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. என் மைக்கை இழுத்து, “ஓடுறதெல்லாம் காலைலதாம்மா!”ன்னேன். ஜனம் கொல்லுன்னு சிரிச்சுது. நல்லா சமாளிச்சேன்ல? ஆனா எங்க ஆளுங்க சிரிக்கல. தனபால் கீபோர்டைப் பாத்துக்கிட்டே நின்னான். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மேடை மரியாதை தெரியல. பிலோமி இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நடுவுல நிறுத்தியிருப்பாளா?

திரும்பி வரும்போது வேன்ல பேஸ் கிட்டார் வாசிக்கிற பீட்டர் பக்கத்துல உக்காந்திருந்தான். “அக்கா இருந்தவரைக்கும் வெளிய தெரியாம இருந்துச்சுண்ணே”ன்னான். என்ன தெரியாம இருந்துச்சுன்னு நான் கேக்கல. தூக்கம் வர்ற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். தூக்கம் வரல. வீட்டுக்குப் போயி பிலோமிகிட்ட அந்தப் பொண்ணு திமிரைச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே எனக்கு முட்டில தைலம் தேச்சுவிட்டா.

இன்னிக்குக் காலைல ஓடப் போகல, முட்டி வீங்கிக் கெடக்கே. ஹால்ல உக்காந்திருந்தேன். அந்த நேரத்துக்கு நான் என்னிக்கு வீட்ல இருந்திருக்கேன்? அவளுக்கு மறந்துபோச்சு போல. அடுப்படில வெங்காயம் நறுக்கிக்கிட்டே பாடினா. அதே மெலடி. சார், ஒரு வார்த்தை விடல. வரி முழுசா வருது, கடைசி எழுத்து வரைக்கும். ஒரு எடத்துல நின்னு, ஒரு குழைவு குழைஞ்சு, அப்புறந்தான் அடுத்த வரிக்குப் போறா. மூச்சு எங்கயும் முட்டல. இவளுக்கா மூச்சு இல்லன்னு சொன்னோம்னு எனக்குப் பக்குனு ஆயிருச்சு. சந்தோஷமும் தாங்கல. என்னை அறியாம மேசையில விரலால தட்டினேன். லேசாத்தான். பாட்டு நின்னுருச்சு.

“பாடேன் பிலோமி, ஏன் நிறுத்திட்டே?”

“நீங்க வாசிங்க. நான் அப்புறமா பாடிக்கிறேன்”னா.

கோவமா சொல்லியிருந்தா பரவாயில்ல சார். சாதாரணமா சொன்னா, குக்கர் விசில் வரட்டும்ங்கிற மாதிரி. எனக்கு எங்கயோ போயி குத்துச்சு. கை ரெண்டையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பாடுவான்னு பாத்தேன். பாடல. சரின்னு, வெளிய கிளம்புற மாதிரி கதவைச் சாத்திட்டு மாடிப்படியிலயே நின்னுக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சா. முதல்ல இருந்து. கட்டின பொண்டாட்டி பாட்டைக் கதவுல காதை வச்சு ஒட்டுக்கேக்குறேன் சார், கண்ணுல தண்ணியா கொட்டுது. ஆனா இந்தக் காலு இருக்கே, வீங்கியும் அதுக்குப் புத்தி வரல. படியில தட்ட ஆரம்பிச்சிருச்சு. அவ இன்னும் ரெண்டாவது வரியைத் தொடல, இது அதுக்குள்ள அங்க போயி நிக்குது. பிடிச்சு நிறுத்திப் பாத்தேன், நிக்கல. சத்தம் அவளுக்குக் கேட்டுரும், மறுபடி நிறுத்திருவான்னு பயந்து ரெண்டு படி இறங்கினேன். அங்கயும் தட்டுது. இன்னும் இறங்கினேன். கடைசில தெருவுக்கே வந்துட்டேன்.

அங்க இருந்து பாட்டு சரியா கேக்கல சார்.